முந்நூற்று அறுபத்தாறாவது ஏரி

அயர்லாந்தின் கேவன் மாவட்டத்தில் ஆண்டின் நாளொன்றுக்கு ஓர் ஏரி வீதம் முந்நூற்று அறுபத்தைந்து ஏரிகள் உண்டு என்று அந்த மாவட்டத்தார் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர் யார் என்று கேட்டால், எண்ணப் போனவர்கள் எல்லாரும் நூற்றுச் சொச்சத்தில் மழை பிடித்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டார்கள் என்பார்கள். பனியாறு ஒன்று முன்னொரு காலத்தில் அந்த நிலத்தின்மேல் படுத்துக் கிடந்து, எழுந்து போகும்போது கூடையில் அடுக்கிய முட்டைகளைப் போலக் குட்டிக் குட்டி மேடுகளை விட்டுப் போயிற்று என்றும், மேடுகளுக்கு நடுவே போக வழி தெரியாமல் நின்றுவிட்ட தண்ணீர்தான் ஏரிகள் என்றும் மண்ணியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே அங்கே எந்தச் சாலையும் நேராகப் போவதில்லை. எந்த விசாரிப்பும் நேராகப் போவதில்லை. மாட்டுக்கு என்ன விலை என்று கேட்க வந்தவர் முதலில் வானிலை, பிறகு உங்கள் அத்தையின் முழங்கால், பிறகு போன வருடத்துப் புல் என்று சுற்றி வந்துதான் மாட்டை அடைவார்.

இந்த மேடுகளுக்கு நடுவே ஓர் எல்லைக்கோடும் போகிறது, விருந்து முடிந்து வீடு திரும்புகிறவனின் நடையில். தெற்கே கேவன், அயர்லாந்துக் குடியரசு. வடக்கே ஃபெர்மனா, பிரிட்டிஷ் ஆட்சி. ட்ரம்மாலிஷ் என்ற ஊரில் அந்த எல்லை ஒரு தாழ்நிலத்து ஓடை. ஓடையைத் தாண்டினால் கிலோமீட்டர் மைலாகும், யூரோ பவுண்டாகும், சாலையோரக் கோடு மஞ்சளிலிருந்து வெள்ளையாகும், சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்து புதிய நாட்டுக்கு வரவேற்கும். மாடுகள் மட்டும் இரு பக்கமும் ஒரே மாதிரி கோரைக்குள் கணுக்கால் சேற்றில் நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு லீப் வருடத்துப் பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி காலையில் ஊரார் கதவைத் திறந்தபோது, ஓடை இருந்த தாழ்நிலத்தில் ஓர் ஏரி கிடந்தது. நாற்பது ஏக்கர் இருக்கும். கரையில் நாணல், நடுவில் இரண்டு அன்னங்கள், எல்லாம் வெகுகாலமாக அங்கேயே இருந்தவை போல. பள்ளித் தலைமையாசிரியர் கொனாட்டி குடையோடு வந்து நின்று பார்த்துவிட்டு, இந்த வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தாறு நாட்கள், ஏரிகளோ முந்நூற்று அறுபத்தைந்துதான் இருந்தன, ஆகவே இன்று ஓர் ஏரி வந்ததில் வியப்பில்லை, இதற்கு முந்தைய லீப் வருடங்களில் வராமல் இருந்ததுதான் விசாரிக்கத்தக்கது என்று விளக்கினார். ஊரார் தலையசைத்தார்கள். கணக்குச் சரியாக இருந்தது. தெற்கிலிருந்து வந்த அதிகாரி ‘ஆழமான நீர்’ என்று இரண்டு மொழிகளில் ஒரு பலகை நட்டார். வடக்கிலிருந்து வந்தவர் ஆழத்தை அடிக்கணக்கில் அளந்தார். மறுநாள் காலையில் ஏரி இல்லை. பலகை மட்டும் கோரைக்குள் நின்று மாடுகளை எச்சரித்துக்கொண்டிருந்தது.

ஏரியின் குணத்தை ஊர் ஒரே நாளில் தெரிந்துகொண்டது. முதலில் மீன். படகில் போய்ப் பிடித்த பெர்ச் மீன்கள் படகில் இருக்கும்வரை துள்ளின. கரையில் கால் வைத்ததும் கூடையில் ஈரம்தான் இருந்தது. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடும் வழக்கமுள்ள ஜெர்மன் தூண்டில்காரர்கள் இருவர், தாங்கள் பார்த்ததிலேயே மிக நாகரிகமான ஏரி இதுதான் என்றார்கள். அடுத்தது பேச்சு. சதுப்புநிலத்தில் ஒரு நடைபாதை யாருடையது என்ற சண்டையில் இருபத்திரண்டு வருடமாகப் பேசாதிருந்த மெக்மானஸ் சகோதரர்கள், ஹ்யூகியும் பார்ட்லியும், இரண்டு படகுகளில் போய் நடு ஏரியில் எதிர்ப்பட்டு, இரண்டு மணி நேரம் பேசினார்கள், சிரித்தார்கள், மூத்தவன் மன்னிப்புக் கேட்டான், இளையவன் அழுதான். தண்ணீரில் குரல் தெளிவாக வரும் என்பதால் கரையில் நின்றவர்கள் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். பிறகு இருவரும் கரையேறி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எதிரெதிர்த் திசையில் வீட்டுக்குப் போனார்கள். தண்ணீரில் நடந்தது தண்ணீரிலேயே தங்கிவிட்டது. கரையில் நின்றவர்களுக்கு மட்டும் எல்லாம் நினைவிருந்தது.

மறுநாள், மளிகையும் பெட்ரோலும் பிணப்பெட்டியும் ஒரே கூரையின்கீழ் விற்கும் ஃபிலோமினா ப்ரயர், ரொட்டி வாங்க வந்த ஹ்யூகியிடம், நேற்று தம்பியிடம் மன்னிப்புக் கேட்டது மிகப் பெரிய மனது என்று பாராட்டினாள். தான் மன்னிப்புக் கேட்டதாகத் தன் முகத்துக்கு நேரே ஒருத்தி சொல்வதை ஹ்யூகியால் தாங்க முடியவில்லை. தம்பியோடு பேசாதிருந்தவன் அன்றிலிருந்து ஃபிலோமினாவோடும் பேசாமல், நான்கு வருடம் எல்லை தாண்டிப் போய் ரொட்டி வாங்கினான். ஆகவே அடுத்த லீப் வருடத்துக்கு முன்பே ஊர் கூடி ஒரு விதி செய்தது: ஏரியில் கேட்டதைக் கரை சொல்லாது. கத்தோலிக்கக் கோயிலிலும் புராட்டஸ்டண்டுக் கோயிலிலும் மாற்றுக் கருத்தின்றி ஏற்கப்பட்ட தீர்மானம் ட்ரம்மாலிஷ் வரலாற்றில் அது ஒன்றுதான். அதை முன்மொழிந்தவள் ஃபிலோமினா. அதன் கடுமையான காவலாளியும் அவளே.

அந்த விதியை யாரும் சொல்லாமலே முன்பிருந்தே கடைப்பிடித்து வந்தவள் ஒருத்தி உண்டு: பால் லாரி ஓட்டும் டிம்ப்னா டோலன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எல்லையின் இரு பக்கத்துப் பண்ணைகளுக்கும் டேங்கர் லாரியில் போய், பாலை முகர்ந்து பார்த்து, வெப்பநிலை குறித்து, ஒரு சிறு குப்பியில் மாதிரி எடுத்து, குழாயை மாட்டி உறிஞ்சிக்கொண்டு போவது அவள் வேலை. அறுபத்து மூன்று வீடுகளின் சமையலறைச் சண்டைகள் அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுக்கு அவள் கொண்டுபோனதில்லை. பால் கலக்கலாம், பேச்சுக் கலக்கக் கூடாது என்பது அவள் கொள்கை.

அந்த அறுபத்து மூன்றில் ஒன்று ஃபெலிம் ப்ரேடியின் பண்ணை. ஓடைக்கு வடக்கே ஒரு மேட்டின்மேல், இருபத்திரண்டு மாடுகளோடு தனியாக இருந்தான். நல்லவன். ஆனால் முடிவெடுப்பது அவனுக்குப் பல் பிடுங்குவது மாதிரி. மாட்டுக்கொட்டகைக் கூரைக்குச் சிவப்பு அடிப்பதா பச்சை அடிப்பதா என்று பதினொரு வருடம் யோசித்து, கூரை துருப்பிடித்துத் தானே சிவந்ததும் நிம்மதியடைந்தவன். டிம்ப்னா லாரியோடு முற்றத்துக்குள் வரும் நாட்களில் அவன் தலைவாரியிருப்பான். அதற்குமேல் அவன் ஏதும் செய்ததில்லை, செய்வான் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

பெண் ஆணைக் கேட்பதென்றால் அதற்கு அந்த நாட்டில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது, பிப்ரவரி இருபத்தொன்பது. அன்று அவள் கேட்கலாம். அவன் மறுத்தால் அவளுக்குக் கையுறைகள் வாங்கித் தர வேண்டும், மோதிரமில்லாத விரலை ஊர் பாராதிருக்க. மற்ற நாட்களில் கேட்கக் கூடாதென்று சட்டம் ஏதுமில்லை என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் டிம்ப்னா இருபது வருடத்தில் ஒரு நாளும் பாலுக்குத் தாமதமாக வராதவள். உரிய நாள் ஒன்று இருக்கும்போது அதல்லாத நாளில் ஒரு காரியத்தைச் செய்ய அவளுக்குக் கை வராது. கேடு என்னவென்றால், அந்த உரிய நாளில்தான் ஃபெலிமின் வீட்டுக்குப் போகும் ஒரே பாதை ஏரிக்கு அடியில் இருந்தது. மேட்டின் பின்புறம் சதுப்பு. தொலைபேசியில் கேட்கலாமே என்றால், தொலைபேசி என்பது லாரி வரத் தாமதமாகும் என்று சொல்வதற்கு ஏற்பட்ட கருவி.

ஆகவே ஏரி இரண்டாம் முறை வந்தபோது டிம்ப்னா ஒரு படகை இரவல் வாங்கித் துடுப்புப் போட்டுப் போனாள். தூண்டிலோடு எதிரே வந்த ஃபெலிமை நடு ஏரியில் கேட்டாள். கரையில் இருநூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க, அவன் ஒரு நிமிடம் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சரி என்றான். இருவரும் அவரவர் கரைக்குத் திரும்பினார்கள். டிம்ப்னா படகிலிருந்து இறங்கி, கவுனைப் பிழிந்துகொண்டு, தான் போன காரியம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் கரையிலிருந்த முகங்களைப் பார்த்தாள். முகங்கள் வானத்தைப் பார்த்தன.

ஏரி மூன்றாம் முறை வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தண்ணீரில் மறுபடி படகு வைத்தவர்களுக்கு முந்தைய முறை தண்ணீரில் நடந்ததெல்லாம் திரும்பி வந்தது. மெக்மானஸ் சகோதரர்கள் விட்ட வாக்கியத்தின் பாதியிலிருந்து தொடங்கினார்கள். டிம்ப்னா பாதி தூரம் போனதும் துடுப்பை நிறுத்திவிட்டு, “நாலு வருஷமா நீ எனக்கு நிச்சயம் பண்ணினவன்டா, ஒரு டீ தந்திருக்கியா?” என்று கத்தினாள். அன்று இருவரும் மூன்று மணி நேரம் சிரித்துக்கொண்டே கல்யாணப் பேச்சுப் பேசினார்கள். யார் வீட்டுச் சமையலறை, எந்தப் பாதிரியார், ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை என்று தேதிகூட வைத்தார்கள். மறக்கக் கூடாதென்று அவள் அந்தத் தேதியைத் தன் உள்ளங்கையில் மையால் எழுதிக்கொண்டாள். கரையேறியதும் உள்ளங்கை சுத்தமாக இருந்தது, கூடையில் மீன்போல.

ஊருக்கு இது பெரிய சங்கடம். ஊரைப் பொறுத்தவரை அவர்கள் இருவரும் நிச்சயமான ஜோடி. அந்த இருவருக்கும்தான் செய்தி தெரியாது. கோயிலில் அவர்களுக்கு ஒரே பெஞ்சில் இடம் விட்டார்கள். இறந்தவர் வீட்டுக்கு ஊர் அனுப்பும் துக்க அட்டைகளில் இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டார்கள். ஜூன் இரண்டாம் சனிக்கிழமை வந்தபோது யாரும் யாரிடமும் சொல்லி வைக்காமலே எல்லாரும் நல்ல துணி உடுத்துக்கொண்டு ஃபிலோமினாவின் கடை வாசலில் வந்து நின்றார்கள். அவள் மூன்றடுக்குக் கேக்கே செய்து வைத்திருந்தாள். பதினொரு மணிக்கு டிம்ப்னா லாரியோடு அந்த வழியே வந்தாள். நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, யார் செத்தது என்று கேட்டாள்.

“யாரும் சாகல,” என்றாள் ஃபிலோமினா. “சும்மாதான் நிக்கிறோம்.”

“முப்பது பேரு தொப்பி போட்டுக்கிட்டுச் சும்மாவா?”

“வெயிலுக்கு.”

அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. டிம்ப்னா அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். மளிகைக்காரி அவள் கையில் ஒரு பெரிய துண்டுக் கேக்கைக் கொடுத்து அனுப்பினாள். இன்னொரு துண்டு, அவளிடமே, ஃபெலிமுக்கு. அவன் அதைத் தின்றுவிட்டு, கல்யாணக் கேக் மாதிரி இருக்கிறதே, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டான். தெரியவில்லை என்றாள் டிம்ப்னா.

இப்படிக் காத்தும் பார்த்தும் நான்காம் லீப் வருடம் வந்தது. ஜனவரியில் பால் நிறுவனம் ஊரிலிருந்த கிடங்கை மூடப்போவதாக அறிவித்தது. ஓட்டுநர்கள் விரும்பினால் தெற்குக் கோடியில் கார்க் மாவட்டத்துக்குப் போகலாம். ஐந்து மணி நேரப் பயணம். டிம்ப்னா கையெழுத்துப் போட்டுவிட்டாள். மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை அங்கே வேலை. வீட்டையும் வாடகைக்கு விட ஏற்பாடாயிற்று. அதைச் சொல்லக் கடைக்கு வந்தவளிடம் ஃபிலோமினா, அவசரமென்ன, இருபத்தொன்பதாம் தேதி வேறு வருகிறதே என்று மிகவும் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

“ரெண்டு தடவை படகெடுத்துட்டுப் போனேன்,” என்றாள் டிம்ப்னா. “ரெண்டு தடவையும் கரைக்கு வந்து உங்க மூஞ்சியப் பாத்தேன். எழவு வீட்டு மூஞ்சி. அவன் சரின்னு சொல்லியிருந்தா ஒருத்தர் முகத்திலயாவது ஒரு துளி சந்தோஷம் கசிஞ்சிருக்கும்ல? வேண்டாம்னிருக்கான். அது போதும் எனக்கு. மூணாவது வாட்டி கேட்டு அவன் கையுறை வாங்க அலையறதைப் பாக்க வேண்டாம்.”

ஃபிலோமினா அலமாரிப் பக்கம் திரும்பி, பட்டாணி டப்பாக்களின் சீட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கத் தொடங்கினாள். டிம்ப்னா போன பிறகும் அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கள் முகங்களை வெறுமையாக வைத்துக்கொள்ள ஊர் எட்டு வருடம் பாடுபட்டிருந்தது. அந்த உழைப்பில் சிறிதும் பிசகில்லை என்பது அவளுக்கு இப்போது தெரிந்தது.

பிறகு நடந்த ஊர்க்கூட்டத்தை நான் சுருக்கமாகவே சொல்கிறேன். விதியை ஒரு முறை தளர்த்தினால் என்ன என்றார் பார்ட்லி மெக்மானஸ். தளர்த்தினால் உன் அண்ணன் உன்னைப் பற்றிப் படகில் சொன்னதையும் சொல்லலாமா என்று கேட்டார்கள், அவர் உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியர் கொனாட்டி, விதி வாயால் சொல்வதைத்தான் தடுக்கிறது, சைகையைப் பற்றிப் பேசவில்லை என்று நாற்பது நிமிடம் வாதிட்டார். சைகையும் சொல்வதுதான் என்று முடிவாயிற்று. கடைசியில், இருபத்தொன்பதாம் தேதி அவள் படகேறினால் தண்ணீரில் அவளுக்கே எல்லாம் நினைவு வரும், அப்புறம் அவள் பாடு என்று நல்லதொரு படகைப் புதுச் சாயம் பூசிக் கரையில் நிறுத்தி வைத்தார்கள்.

ஏரி வந்த அன்று டிம்ப்னா கரைக்கு வந்தாள். அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டு போக வந்தாள், நல்ல கோட்டு, நல்ல காலணி. படகைப் பார்த்தாள். அழகான சாயம் என்றாள். ஏறவில்லை.

ஏரிக்கு நடுவே ஃபெலிம் காத்திருந்தான். வழக்கம்போல மீன் பிடிக்கத்தான் அவன் படகை இறக்கியது. இறக்கியதும் எல்லாம் நினைவு வந்துவிட்டது. பத்து மணிக்கு வந்து நின்றவன் இரண்டு மணிவரை தூண்டிலைக்கூடப் போடவில்லை. பிறகு, தன் வாழ்நாளில் முதன்முறையாக, யாரும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தான். தெற்குக் கரையை நோக்கித் துடுப்புப் போட்டான். கரைக்கு முப்பது கஜம் இருக்கையில் நின்றான். கூட்டத்தில் டிம்ப்னாவைத் தேடிக் கண்டுபிடித்தான்.

“இந்தத் தடவ வரலியா நீ?” என்று கேட்டான். துடுப்பைப் படகுக்குள் இழுத்து வைத்தான். “மொதல் தடவ கேட்டப்பவும் சரின்னேன். ரெண்டாந் தடவ தேதியே வச்சோம். அந்தத் தேதி போயிடுச்சுன்னு இங்க வந்தப்புறந்தான் தெரியுது. இப்ப நீ கேக்கல. கேக்கலன்னாலும் சரிதான். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

பிறகுதான் அவன் இருநூறு பேரைப் பார்த்தான். காது சிவந்தது. படகைத் திருப்பிக்கொண்டு, வந்ததைவிட வேகமாகப் போய், எதிர்க்கரையில் இறங்கி, கொட்டகைக்குள் நுழைந்தான். என்ன சொன்னோம் என்பது அதற்குள் அவனுக்கு நினைவில் இல்லை.

தெற்குக் கரையில் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். கொனாட்டி மழை வரும் போலிருக்கிறது என்றார். இந்தக் கரையில் நின்று இந்த ஏரியின் பேச்சை டிம்ப்னா கேட்டது அதுவே முதல் முறை. ஃபிலோமினா மெதுவாக அவள் பக்கத்தில் வந்து, ஏதாவது கேட்டாயா என்றாள்.

“காத்துச் சத்தம்,” என்று சொல்லிவிட்டு டிம்ப்னா வீட்டுக்கு நடந்தாள்.

அன்று ஊரில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அறுபத்து மூன்று வீட்டுப் பேச்சை இருபது வருடம் வெளியே விடாதவள். கரையில் கேட்டதைச் சொல்ல ஊருக்கே உரிமை இல்லை என்றால் அவளுக்கு மட்டும் எப்படி உண்டு என்று அவள் நினைப்பாள். நினைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, கார்க்குக்குப் போய்விடுவாள். இவ்வளவு ஒழுங்கானவளை வளர்த்துவிட்டோமே என்று ஊர் தன்னையே நொந்துகொண்டது.

மார்ச் முதல் தேதி காலையில் ஏரி இல்லை. பாதை சேறும் நாணல் தட்டைகளுமாக வெளியே வந்திருந்தது. முந்தின நாள் எடுக்க முடியாத பாலை எடுக்க டிம்ப்னா லாரியோடு ஃபெலிமின் முற்றத்துக்குள் வந்தாள். அவன் தலைவாரியிருந்தான். அவள் பாலை முகர்ந்தாள், வெப்பநிலையைக் குறித்தாள், குப்பியில் மாதிரி எடுத்தாள், குழாயை மாட்டினாள். பம்பு ஓடி முடிக்கும்வரை இருவரும் வானிலை பற்றிப் பேசினார்கள். பம்பு நின்றது. அவள் குழாயைச் சுருட்டினாள், இரண்டு முறை சுருட்டினாள், கையைத் துடைத்தாள்.

“ஃபெலிம், நேத்து நீ படகில நின்னு ஒண்ணு சொன்ன.”

அவன் திகைத்துப் போனான். “அத நீ சொல்லக் கூடாது.”

“தெரியும்.”

“ஊர் விதி, டிம்ப்னா.”

“தெரியுங்கறேன்ல. என்னைக் கட்டிக்கச் சரின்னு சொன்ன. மூணு வாட்டி சொல்லியிருக்கியாம். நேத்து நான் கேக்கவே இல்ல, நீயா வந்து சொன்ன.”

ஃபெலிம் சேற்றைப் பார்த்தான். லாரியின் சக்கரங்களைப் பார்த்தான். ஒரு மாடு வந்து அவன் முழங்கையை நக்கிவிட்டுப் போயிற்று.

“நானா?”

“நீதான்.”

“யோசிச்சுச் சொன்ன மாதிரி இருந்துச்சா?”

“நாலு மணி நேரம் தண்ணியில நின்னு யோசிச்சிருக்க.”

அவன் மூச்சை விட்டான், வெகுதூரம் சுமந்து வந்த தீவன மூட்டையை ஒருவன் கீழே வைப்பது போல. முகம் தெளிந்தது. அவனுக்கு இனி யோசிக்க ஒன்றுமில்லை. அவனைவிட அவனை நன்றாக அறிந்த ஒருவன் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுப் போயிருந்தான்.

“நான் சொன்னேன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றான். “அப்ப அது முடிஞ்சு போச்சு. உள்ள வா, டீ போடுறேன்.”

“கார்க்குக்குத் தகவல் சொல்லணும்.”

“டீ குடிச்சிட்டுச் சொல்லு.”

அப்போது முள்வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ மூன்று முறை தும்மினார்கள். வேறொருவர் உஷ் என்றார். பிறகு, குறைந்தது இருபது பேர் சேற்றில் அசையாமல் நிற்க முயலும்போது எழும் ஓசை கேட்டது.

“மாடு,” என்றான் ஃபெலிம்.

டிம்ப்னா வேலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. “மாடுதான்,” என்று சொல்லிவிட்டு அவனுக்குப் பின்னால் வீட்டுக்குள் போனாள்.